கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை

செம்பூரில் நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் பெண்கள் உட்காரும் கூடத்துக்கு வரிசையாக ஜன்னல்கள் உண்டு. ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார்கள். தூசி வந்துவிடுமாம். காலையில் போனதும் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, முடியைத் துணித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு, ஊசி மருந்துக் குப்பிகளுக்கு முன்னால் உட்காருவோம். ஒவ்வொரு குப்பியையும் விளக்குக்கு நேரே சாய்த்து, கறுப்புப் பலகைக்கு முன்னால் ஒரு முறை, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஒரு முறை பார்க்க வேண்டும். மருந்துக்குள் கண்ணாடித் துணுக்கோ நூலோ மிதந்தால் எடுத்துத் தனியே போட வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது ரயிலில் எதிரே இருப்பவர் முகத்திலும் ஏதோ மிதப்பது போலத் தெரியும்.

பள்ளி இறுதியான எஸ்.எஸ்.சி. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். அப்பாவுக்கு மில் வேலை, நெஞ்சில் பஞ்சு அடைத்து இருமல். தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். தாராவியில் எங்கள் சந்தில் மாதச் சம்பளம் வாங்குகிற பெண் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. கல்யாணம் ஆனால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும். சேரும்போதே சொல்லிவிடுவார்கள். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பத்தொன்பது வயதில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இருபத்தைந்து ஆனபோது ராத்திரியில் தூக்கம் வரவிடாத விஷயம் அது ஒன்றுதான்.

சந்தேகப்பட்ட குப்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மேல்மாடி லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையில் ஒரு பங்கு. அங்கே ஒரு கோவாக்காரப் பெண்மணி இருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, முழங்கால் வரை கவுன், காதோரம் நரை. எப்போதும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடியே தட்டை வாங்கிக்கொள்வார். ஒருநாள் நிமிர்ந்து, “பார்க்கிறாயா?” என்று இந்தியில் கேட்டார். பார்த்தேன். என்ன தெரிந்தது என்று அவர் கேட்டதற்கு ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“உனக்குக் கண் நன்றாக இருக்கிறது. கீழே உட்கார்ந்து அதைக் கெடுத்துக்கொள்ளாதே” என்றார். தாதரில் லேப் டெக்னீஷியன் படிப்பு சாயங்கால வகுப்பாக நடக்கிறது, ஒரு வருஷம், சயன்ஸ் எடுத்து எஸ்.எஸ்.சி. தேறியிருந்தால் சேரலாம் என்றும் அவர்தான் சொன்னார்.

“படித்துவிட்டு இங்கேயே மேலே வரலாமா?” என்று கேட்டேன்.

“இங்கே எதற்கு? என்னைப் பார். இந்த நாற்காலியை விடக்கூடாது என்று ஒருவனை வேண்டாம் என்றேன். இப்போது நாற்காலி இருக்கிறது.” அவர் குரலில் வருத்தமாக ஒன்றும் இல்லை. “முனிசிபல் ஆஸ்பத்திரியில் உனக்குப் புருஷன் உண்டா என்று பார்த்து வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். அங்கே போ.”

ஆடியில் வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் இறங்கி ஓடுவேன். வகுப்பில் பெரும்பாலும் ஆண்கள். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத வரும், ஆனால் காதில் விழும் வேகத்துக்குப் புரியாது. அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லவில்லை, படிக்கிறேன் என்றே சொன்னேன். “படிச்சு முடிச்சா சம்பளம் கூடுமா?” என்றாள். கூடும் என்றேன். அதோடு விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் ஆன பிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி எடுத்ததாகச் சான்று இருந்தால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். அந்த இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். வகுப்பிலிருந்த ஆண்களுக்கு மாமாவோ சித்தப்பாவோ எங்காவது இருந்தார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் நோயாளியைக்கூடத் தெரியாது.

மறுபடி மேல்மாடிக்குப் போனேன். கோவாக்கார அம்மா யோசித்துவிட்டு, பரேல் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியைச் சொன்னார். அங்கே லேபுக்குத் தலைமை டெக்னீஷியனாக இருப்பவர் உங்கள் பக்கத்து ஆள்தான், முஸ்லிம், என் பெயரைச் சொல்லு என்றார். “ஆனால் என் பெயர் கதவைத்தான் திறக்கும். உள்ளே நீதான் பேச வேண்டும்.”

மூன்று தடவை அந்த லேப் வாசல் வரை போய்த் திரும்பினேன். எனக்கு யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. வீட்டில் கேட்காமல் இருப்பதுதான் நல்ல பெண்ணுக்கு அடையாளம். நாலாவது தடவை, மூத்திரக் குப்பிகள் நிறைந்த தட்டோடு வெளியே வந்த ஒருவர் என்மேல் மோதாமல் விலகி நின்று, “கியா சாஹியே?”, என்ன வேண்டும் என்றார். பதற்றத்தில் நான் தமிழில், “உள்ள ஒருத்தரப் பாக்கணும்” என்றுவிட்டேன்.

அவர்தான் அந்தத் தலைமை டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு, ஒழுங்காக வெட்டிய தாடி.

“எந்த ஊரு தங்கச்சி?”

“திருநெல்வேலிப் பக்கம். இப்போ தாராவி.”

“நமக்கும் அங்கனதான். சொல்லுங்க.”

சொன்னேன். கோவாக்கார அம்மாவின் பெயரையும் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க ஏற்கெனவே ரெண்டு பையனுவ இருக்கானுவ. பொம்பளப் புள்ளய இதுவரை எடுத்ததில்ல. நின்னுக்கிட்டேதான் வேல. ரத்தம் எடுக்கணும், சளி பாக்கணும், மலம் பாக்கணும். மூக்கப் பொத்துனா அன்னைக்கே போகச் சொல்லிருவேன்.”

“பொத்த மாட்டேன்.”

“ஞாயித்துக்கிழம காலைல வாங்க. பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’ பிறகு ஞாயிறுதோறும் என்று ஆனது. முதல் தடவை ஒரு கிழவரின் கையில் நரம்பைத் தேடி ஊசியைக் குத்தியபோது அவருக்கு முன்னால் எனக்கு வியர்த்தது. அவர் என்னைத் தைரியப்படுத்த வேண்டி மராத்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நரம்பு கிடைத்தது.

இப்படி எல்லாம் ஒரு வழிக்கு வருகிறது என்று நினைத்த ஐப்பசியில் வரன் வந்தது.

மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, குர்லா ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கிளார்க். அப்பா அம்மா இல்லை. உல்லாஸ்நகரில் அக்கா வீட்டில் இருந்தார். அக்கா புருஷன் அங்கே துணி வியாபாரம். அந்த அக்காதான் அவரை வளர்த்து, படிக்க வைத்து, வேலையில் சேர்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் பேசினார். தை பிறந்ததும் முதல் முகூர்த்தம் என்றார். அம்மா சந்தோஷத்தில் தலையாட்டினாள்.

அவர்கள் போனதும் சொன்னேன். “பரீட்சை சித்திரைலதான் வருது. அதுக்குப் பொறவு வச்சுக்கிடலாம்மா.”

“ஏட்டி, ரயில்வே மாப்பிள்ள. கைநழுவ விடச் சொல்லுதியா?”

“கல்யாணம் ஆன அன்னைக்கே வேல போயிரும். உல்லாஸ்நகர்லேருந்து தாதர் கிளாசுக்கு எப்படி வந்து போவேன்? பாதியில நிக்கும்.”

“நின்னா நிக்கட்டும். ஒனக்கு இருபத்தஞ்சு. ஒன் வயசுக்காரிய ரெண்டு புள்ளையோட நிக்காளுவ.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் இருமலை அடக்கிக்கொண்டு பீடிக்கட்டைத் தேடினார். என் சம்பளம் நின்றால் வீடு என்னவாகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் மகள் சம்பளத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்று ஆகிவிடும். அப்பாவுக்கு அதுதான் பயம்.

எனக்கு அப்போது வேறொரு யோசனை ஓடியது. கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு மராத்திப் பெண் இருந்தாள். லால்பாக்கிலிருந்து வருகிறவள். ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. காலையில் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கும் முன் மங்கலசூத்திரத்தைக் கழற்றி டிபன் டப்பாவைச் சுற்றிய துணிக்குள் முடிவாள். சாயங்காலம் ரயிலில் ஏறியதும் போட்டுக்கொள்வாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். “கிஸீ கோ மத் போல்” என்று என் கையைப் பிடித்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளால் முடிகிறதென்றால் என்னாலும் முடியாதா? தையில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, தாலியைக் கழற்றி வைத்துவிட்டுச் சித்திரை வரை ஓட்டிவிட்டால்? பல நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம், மூடிய ஜன்னல்களையும் மீறிக் கேட் பக்கம் சத்தம் கேட்டது. யாரோ ஒரு ஆள் வாட்ச்மேனோடு வாதாடிக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் அப்படிப் பெயருள்ள பெண் இங்கே இல்லை என்கிறான். அவன், இருக்கிறாள், என் பெண்டாட்டி, இங்கேதான் வேலை செய்கிறாள், என் அம்மாவுக்கு மூச்சு நிற்கப்போகிறது, கூப்பிடு என்று கத்துகிறான். அவன் சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர். கம்பெனியில் இருந்தது அவள் பிறந்த வீட்டுப் பெயர். பாவம், அந்தப் பதற்றத்தில் அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

என் பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த குப்பியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். எழுந்தாள். கூடத்தின் கதவு வரை போய் நின்றுவிட்டாள். போனால் வேலை போய்விடும், போகாவிட்டால் மாமியார் போய்விடுவாள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினாள்.

அதற்குள், ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற பெர்சனல் ஆபீசர் கேட்டுக்கு வந்துவிட்டார். அவளை அவர் ஒன்றும் திட்டவில்லை. “இது உன் புருஷனா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். டிபன் டப்பாவைக்கூட எடுக்க விடவில்லை, பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் அந்த நாற்காலியில் வேறு பெண் இருந்தாள்.

அந்த வாரம் எங்களை ஒவ்வொருத்தியாக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது.

“உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாமே?”

யார் சொன்னார்களோ. “பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாள் குறிக்கவில்லை” என்றேன்.

“குறித்தால் நீயே வந்து சொல்ல வேண்டும். நாங்கள் கேட்கும்படி வைக்காதே.”

ஒளித்து வைக்கிற வழி அன்றோடு மூடிவிட்டது. அம்மா கேட்க மாட்டாள், அப்பா பேச மாட்டார். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

குர்லாவில்தான் நான் தினமும் ரயில் மாறுகிறேன். பார்சல் ஆபீஸ் அதே ஸ்டேஷனில், பிளாட்பாரக் கோடியில். மறுநாள் சாயங்காலம் தாதர் வண்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன். கருவாட்டுக் கூடைகள், வெற்றிலைக் கட்டுகள், ஈரச் சாக்குகள். கவுண்டருக்குப் பின்னால் அவர் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் சட்டென்று எழுந்துவிட்டார். பேனா கீழே விழுந்தது.

“என்ன விசயம்? வீட்ல யாருக்கும் ஒடம்புக்கு ஆகலியா?”

“அதெல்லாம் இல்ல. ஒங்ககிட்டப் பேசணும்.”

கூலிக்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவர் வெளியே வந்து தண்ணீர்க் குழாய் இருந்த பக்கம் நடந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேரே சொல்லிவிட்டேன்.

“தைல கல்யாணம் வேண்டாம். சித்திரைல எனக்குப் பரீட்சை இருக்கு. முடிஞ்ச பொறவு எந்த நாள் சொன்னாலும் சரி.”

“கல்யாணத்துக்குப் பொறவு எழுதக்கூடாதா?”

“கல்யாணம் ஆனா கம்பெனில நிறுத்திருவாவ. வேல இல்லாம கிளாசுக்குப் பணம் கட்ட முடியாது. உல்லாஸ்நகர்லேருந்து வந்து போவவும் முடியாது.”

“யாருக்கும் தெரியாம வச்சுக்கிட்டா?”

நான் நினைத்ததையேதான் அவரும் நினைத்தார். லால்பாக் பெண்ணுக்கு நடந்ததைச் சொன்னேன். கதவருகே அவள் நின்ற நிலையையும் சொன்னேன். அவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

“பரீட்சைல தேறாமப் போயிட்டா?”

“திருப்பி எழுதுவேன்.”

“அப்பவும் தள்ளிப்போடச் சொல்லுவியளா?”

“இல்ல. ஒரு தடவதான் கேக்கேன்.”

அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். பார்சல் ஆபீசிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “அக்காகிட்டக் கேக்கணும்” என்றார். போய்விட்டார். அன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதியது ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரேலிலிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்புகள். உள்ளே மாப்பிள்ளையின் அக்கா பாயில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். குர்லாவில் மூட்டை தூக்குகிறவர்களில் எங்கள் சந்துக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. விஷயம் தாராவியைச் சுற்றிவிட்டு உல்லாஸ்நகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“தாலி ஏறுமுன்ன ஆம்பளையத் தேடி ஆபீசுக்குப் போயி நிக்கிற பொண்ணு எங்களுக்கு ஒத்துவராது” என்று அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க. பேசுன பேச்சு இதோட முடிஞ்சிது.”

அம்மா என்னைப் பார்த்தாள். “போனியாட்டி?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நான்தான் வரச் சொன்னேன்” என்றார் சுவரோரம் நின்றவர்.

அக்கா திரும்பினார். “நீயா? என்னத்துக்கு?”

“கல்யாணத்த வைகாசிக்கு மாத்திக்கிடலாம்னு கேக்கத்தான். எனக்கு டிபார்ட்மெண்ட் பரீட்ச இருக்கு. தைல கல்யாணம்னா படிக்க முடியாது. ஒங்ககிட்டச் சொல்லத் தயங்கிக்கிட்டு மொதல்ல இவியகிட்டக் கேட்டேன். தப்பு என்னோடதுதான்.”

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வளர்த்த கை. பொய் சொல்கிறான் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் எங்கள் முன்னால் தம்பியைப் பொய்யன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“வைகாசி. அதுக்கு மேல ஒரு நாள் போகப்படாது” என்றார் அம்மாவிடம். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் என்னைப் பார்த்துப் பேசியதே இல்லை.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டி மாப்பிள்ளை அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பித்தார். அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது, எழுதினால் மேல் கிரேடு கிடைக்கும். ஆனால் அவர் அதைப் பற்றி அதுவரை நினைத்ததே இல்லை. தை, மாசி, பங்குனி முழுக்க உல்லாஸ்நகரில் அக்கா முன்னால் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

என் பரீட்சையில் எழுத்து ஓரளவு நன்றாகவே போயிற்று. செய்முறை அன்று ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுக்க வேண்டும். முதல் தகடு திட்டுத் திட்டாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. தருவது மூன்று தகடுகள்தான். கண்ணை மூடிக்கொண்டு, கம்பெனியில் குப்பியைச் சாய்ப்பது போல நினைத்து மூன்றாவதை இழுத்தேன். வந்துவிட்டது. பிறகு பரீட்சகர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். புரியவில்லை. இன்னொரு முறை கேளுங்கள் என்றேன். கேட்டார். மறுபடியும் புரியவில்லை. மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டு இந்தியில் சொன்னார். பதில் எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

வைகாசியில் முகூர்த்த நாள் குறித்ததும் நானே போய் பெர்சனல் ஆபீசரிடம் சொன்னேன். வாழ்த்துச் சொல்லி, கைகுலுக்கி, கணக்கை முடித்துவிட்டார். மாலையில் மேல்மாடிக்குப் போனேன். கோவாக்கார அம்மா ஒரு பெரிய பிஸ்கெட் டின்னைக் கொடுத்து, “பரேலுக்குப் போவதை மட்டும் நிறுத்தாதே” என்றார்.

கல்யாணம் முடிந்து சில நாளில் ரிசல்ட் வந்தது. நான் தேறியிருந்தேன். அவர் அவருடைய பரீட்சையில் தேறவில்லை. அக்கா அன்று சமைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எனக்குக் கஷ்டமானவை. கையில் சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை. முனிசிபல் ஆஸ்பத்திரிகளில் இப்போது இடமில்லை என்றார்கள். தாராவி வீட்டில் தம்பிகளில் பெரியவன் படிப்பை விட்டுவிட்டு ஒரு பட்டறையில் சேரப்போகிறான் என்று பேச்சு. உல்லாஸ்நகரில் அவருடைய அக்கா, இப்போது எனக்கு மதினி, என்னிடம் நேரே பேச மாட்டார். சுவரைப் பார்த்துச் சொல்வார். “படிச்ச பொண்ணு வந்தா சம்பளம் கொட்டும்னாவ.” சுவர் பதில் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பரேலுக்குப் போனேன். சம்பளம் இல்லாமல் ரத்தம் எடுத்தேன், தகடு கழுவினேன். மதினிக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் தலைமை டெக்னீஷியனிடம், “இனிமே வரவான்னு யோசிக்கேன் அண்ணே” என்றேன்.

“வரணும். எடம் காலியானா சேதி பேப்பருக்கு வாறதுக்கு முந்தி எங்க காதுக்குத்தான் வரும். வேற ஆஸ்பத்திரிக்காரன் எங்கிட்டத்தான் கேப்பான், நல்ல ஆளு இருக்கான்னு. கேக்கிற அன்னைக்கு நீங்க கண்ணுல பட்டாத்தான எனக்கு ஒங்க ஞாபகம் வரும்?” என்றார். அதோடு அவர் விடவில்லை. டாக்டர்கள் யாராவது லேபுக்கு வந்தால், “இந்தப் பொண்ணு ஸ்லைடு பாருங்க” என்று என்னை இழுத்து முன்னால் நிறுத்துவார். எனக்கு வெட்கம் பிடுங்கும். ஒரு டாக்டருக்கு நான் தகட்டில் ரத்தம் இழுத்திருந்த விதம் பிடித்துப்போய், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் வாரத்தில் சில நாள் முனிசிபல் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் ஷிப்டில் இருக்க வேண்டிய என் வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்து நின்றார். ஓடி வந்த மூச்சு. தலைமை டெக்னீஷியன் குர்லா பார்சல் ஆபீசுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். முனிசிபல் ஆஸ்பத்திரி லேபில் ஒருவர் நீண்ட லீவில் போகிறார், அந்த டாக்டர் என்னைக் கேட்டாராம், இன்று நாலு மணிக்குள் சான்றிதழோடு வந்தால் பார்க்கலாம், நாளைக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

புடவை மாற்ற உள்ளே ஓடினேன். புடவையும் சான்றிதழும் இருந்த பெட்டியின் சாவி மதினியிடம். மதினி குளித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கேட்டேன். “மதினி, வேலைக்கு. இப்பப் போகாட்டாப் போயிரும்.” தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவு இடுக்கில் ஈரக்கை நீண்டது. அதில் சாவி இருந்தது.

வண்டி கல்யாண் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. சிக்னல் என்றார்கள். அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேக்காரர் என்பதால் அவர் மனது வைத்தால் வண்டி நகரும் என்பதுபோல நான் அவரையே பார்த்தேன். ஒரு வழியாக நகர்ந்தது. ஆஸ்பத்திரி இருந்த சயானில் இறங்கி இரண்டு பேரும் ஓடினோம். கல்யாணமான பெண்ணும் புருஷனும் அப்படித் தெருவில் ஓடுவதை அந்தக் காலத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு தகட்டை வைத்து என்ன தெரிகிறது என்றார். மலேரியாக் கிருமி. சொன்னேன். இன்னொன்று வைத்தார். அதில் ஒன்றுமே இல்லை. ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துத் தேடினேன், தேடினேன். கடைசியில், “ஒன்றும் இல்லை” என்றேன். “நிச்சயமாகவா?” என்றார். “நிச்சயமாக.” அவர் தலையசைத்து, கிளார்க்கிடம் போகச் சொன்னார்.

கிளார்க் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினார். பெயர். வயது. கல்யாணம் ஆனவளா? ஆமாம் என்றேன். என் வாய் அதைச் சொல்லும்போது பழக்கத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“புருஷன் பெயர்?”

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அம்மா இன்றுவரை அப்பா பெயரைச் சொன்னதில்லை. கிளார்க் பேனாவோடு காத்திருந்தார். வெளியே வராந்தாவில் நிற்கிறார், கூப்பிடுகிறேன் என்று சொல்லப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

“ஜல்தி, பாயீ” என்று அவசரப்படுத்தினார் கிளார்க்.

சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது. வராந்தாவில் நின்றிருந்தவர், கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். கிளார்க் ஒன்றும் நடக்காததுபோல எழுதிக்கொண்டு, நாளை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.